புதுச்சேரிக்கு ஒரு நாள் போதுமா? வாய்க்காலுக்கு மேற்கேயும் வாருங்கள்

வாசகர் ஒருவர் எழுதியது: "புதுச்சேரிக்கு மூன்று மணி நேரம் போதும். கடற்கரைச் சாலை, நாலு மஞ்சள் சுவர், ஒரு சர்ச். மீதி எல்லா ஊரையும் போல ஒரு ஊர். காலையில் கிளம்பினால் மதியமே திரும்பிவிடலாம். மறுப்பவர் உண்டா?"

ஜனவரி 4, இரவு

மறுக்கிறேன். "எல்லா ஊரையும் போல ஒரு ஊர்" என்று நீங்கள் தள்ளிவிட்ட பகுதியில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

கடற்கரையிலிருந்து மேற்கே நடந்தால் பெரிய வாய்க்கால் வரும். ஒரு கரையில் அம்பூர் சாலை, இன்னொரு கரையில் செஞ்சி சாலை. வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி, மேற்கே தமிழர்கள் இருந்த பகுதி. வருகிற வண்டியெல்லாம் கிழக்கில் நிற்கிறது. மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டாமலே ஊர் திரும்புகிறார்கள். மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடத்தான் செய்யும். பார்த்தது பாதி ஊர்தானே!

ஒரு நாள் முழுதாகக் கையில் இருந்தால் அதில் பாதியை மேற்குக்குக் கொடுங்கள். நான் சொல்ல வருவது அவ்வளவுதான். எங்கே, எப்படி என்று நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 5, காலை

அதற்கு முன் ஒரு விஷயம். அந்த மஞ்சள் சுவர்களைப் பார்த்து "பழைய பிரெஞ்சு ஊர்" என்கிறோமே, பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் இங்கே வந்து உருவாக்கிய ஊர் இது இல்லை. துய்ப்ளேக்ஸ் 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்து ஆண்ட ஊரும் இல்லை. 1761 ஜனவரியில், பல மாத முற்றுகையில் ஊரே பட்டினி கிடந்த பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார்கள். ஆங்கிலேயர் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெள்ளையர் பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் இடம் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியபோது கல்லும் மண்ணும்தான் கிடந்தது. நீங்கள் படம் எடுக்கும் கட்டடங்கள் எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை.

தெருக்களின் நேர்கோடு மட்டும் அதைவிடப் பழசு. 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் போட்டுப் பார்த்த கட்டம் கட்டமான வரைபடத்தின் வழியில்தான் இன்றும் வீதிகள் ஓடுகின்றன. சுவர் ஒருவருடையது, கோடு இன்னொருவருடையது.

பாரதி பூங்காவில் ஐஸ்கிரீம் சாப்பிடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்த கோட்டை இருந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஜனவரி 5, மாலை

நாளின் வரிசை, என் கணக்குப்படி:

விடியும் முன் கடற்கரை. நம் கரை கிழக்கு பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் சூரியன் மறைவதைப் பார்க்க இங்கே வந்து முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். அதனால் அதிகாலையில் அந்தச் சாலை நடப்பவர்களுக்கே சொந்தம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். பிரெஞ்சு ஊரின் நடு மேடையில் நாயக்கர் காலத்துச் சிற்பம் நிற்கிறது. பக்கத்தில் 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். எதிரே போர் நினைவுச் சின்னம்.

பிறகு மணக்குள விநாயகர். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பே இருந்த கோயில். அவர்கள் பகுதிக்குள்ளேயே இருந்தும் பிழைத்து நின்றது. வாசலில் லட்சுமி யானை இப்போது இல்லை. 2022 நவம்பரில் நடைப்பயிற்சிக்குப் போன வழியிலேயே விழுந்து இறந்துபோனாள். அன்று இறுதி ஊர்வலத்தில் நானும் நின்றேன். கடையை மூடிவிட்டு வந்தவர்கள், ஸ்கூல் யூனிபாரத்தோடு பிள்ளைகள், பர்தா போட்ட பெண்கள் என்று ஊரே அழுதது. அவள் தும்பிக்கை தலையில் படாமல் வளர்ந்த பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது.

பதினோரு மணிக்குள் வாய்க்காலைத் தாண்டிவிடுங்கள். மேற்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அவசரத்தில் எழுத மனம் வரவில்லை.

ஜனவரி 7

மேற்கு.

வைசியாள் வீதியில் தொடங்குங்கள். பழைய தமிழ் வீடுகளைப் பழுதுபார்த்து நிறுத்தியதற்காக 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது வாங்கிய தெரு. விருதை விடுங்கள், வீட்டின் முகப்பைப் பாருங்கள். தெருவோரம் மரத்தூண் நிறுத்தி, அதன் மேல் ஓட்டுச் சாய்ப்பு இறக்கியிருப்பார்கள். அதுதான் தாழ்வாரம். அது தெருவில் போகிறவனுக்கு. வெயிலுக்கும் மழைக்கும் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம், கேட்க வேண்டியதில்லை. அதற்கு உள்ளே ஒரு படி ஏறினால் திண்ணை. அது வந்தவனுக்கு. அதற்கும் உள்ளே நிலைக்கதவு தாண்டினால் முற்றம், அது வீட்டாருக்கு. வாய்க்காலுக்குக் கிழக்கே போனால் உயரமான மதில், பெரிய வாயில், மதிலுக்குள்ளே தோட்டம். தெருவுக்கு அந்த வீடு கொடுப்பது சுவரை மட்டும்தான். அந்தச் சுவருக்கு முன்னால்தான் எல்லோரும் படம் எடுக்கிறோம்.

எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணைத் தூணில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இருக்கும். சாய்ந்து உட்கார்ந்த முதுகுகள் தேய்த்துத் தேய்த்து வந்த மினுக்கு. சுவர்ப் பூச்சும் அப்படித்தான். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, இழைத்து இழைத்துப் பூசியது. சித்திரை வெயிலில்கூட கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். அந்த வீடு விற்றுப் போய்விட்டது. இப்போது அங்கே மூன்று மாடி. தாழ்வாரம் இருந்த இடத்தில் பைக் நிற்கிறது.

மாடியைக் கவனியுங்கள். கீழே மரத்தூணும் திண்ணையுமாக இருக்கும் வீடு, மேலே போனால் வளைவு சன்னலும் சுண்ணாம்புத் தூணுமாகப் பிரெஞ்சு உடுப்புப் போட்டிருக்கும். இதற்கு மூத்த உதாரணம் ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. கீழ்த்தளம் நம் ஊர் மரத்தூண், மேல்தளம் அவர்கள் ஊர் பாணி.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றி இரண்டு வரியாவது எழுதாமல் தூக்கம் வராது. துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736-லிருந்து 1761 வரை, ஏறத்தாழ சாகும்வரை, தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் வீட்டில் நடந்த பேச்சு, ஊர் வதந்தி, எல்லாம். 1748-ல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததையும் மனம் வெந்து எழுதிவைத்தார். அந்தக் கோயில் இருந்தது, இன்று சம்பா கோவில் என்று சொல்கிற சர்ச் பக்கம். பிற்பாடு காந்தி வீதியில் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார்கள். 1761 ஜனவரியில், ஊர் விழுந்த அதே மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார். குறிப்பேடுகள் 1846-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஆங்கிலத்தில் அது 12 தொகுதி.

18-ஆம் நூற்றாண்டு இந்தியக் கரையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் புரட்டுவது ஒரு தமிழரின் நாட்குறிப்பை. அவர் வீடு மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மீன் வாங்கப் போகிறவர்கள் தாண்டிப் போகிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

ஜனவரி 8

"பாரதி வீடு விட்டுப்போச்சே" என்று கேட்டிருக்கிறார்கள். விடவில்லை. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி. 1908-ல் வந்தவர், 1918-ல் கிளம்பும்வரை பத்து ஆண்டு இந்த ஊர்க்காரர். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இங்கே பிறந்தவை. கிளம்பியவரைக் கடலூர்ப் பக்கம் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைது செய்தார்கள். வீட்டுக்குள் கையெழுத்துப் பிரதிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். நின்று படியுங்கள். அடித்தல் திருத்தல்களைப் பாருங்கள்.

பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். நடக்கிற தூரம்தான். 1910-ல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். பிரிட்டிஷ் போலீஸ் கைக்கு எட்டாத ஒரு துண்டு நிலம் இருந்ததால் தமிழுக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஜனவரி 8, இரவு

அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போவதானால்: மதியம் இடையில் மூடுவார்கள், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை உள்ளே விடுவதில்லை, பேச்சு கூடாது. குடும்பமாக வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

ஜனவரி 11

ரோமானியரோடு வாணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டையும் அதே நாளில் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். தெற்கே சில கிலோமீட்டர்தான், ஆட்டோவில் போய்விடலாம். ஆனால் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய குழிகளை மூடியாயிற்று. ஆற்றங்கரையில் மாந்தோப்பும் பழைய செங்கல் சுவர் இரண்டும் நிற்கும். ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், மணிகள் எல்லாம் ஊருக்குள் மியூசியத்தில் இருக்கின்றன. மியூசியம் பாருங்கள், திங்கள்கிழமை விடுமுறை.

ஜனவரி 12

மேலே எழுதியதற்கு ஒரு விதிவிலக்கு. மணி கோக்கிற தொழிலில் இருப்பவர், பானை ஓட்டைப் பார்த்தால் நின்றுவிடுகிறவர், சங்க இலக்கியத்தில் யவனர் கப்பல் வரும் இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறவர், இவர்கள் அரிக்கமேட்டுக்குப் போகத்தான் வேண்டும். ஒன்றுமில்லாத தோப்பில் ஒரு மணி நேரம் நின்றாலும் அவர்களுக்கு நிறையும். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது வெறும் தோப்புதான்.

ஜனவரி 15

பொங்கல் முடிந்து உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ல ழான்தி என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். 1761-ல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது. ஆடுகிற தளத்தில் நின்று அளவெடுக்க முடியுமா? அடுத்த கடப்பு 1769-ல். மனிதர் வீட்டுக்குப் போகவில்லை, கிழக்குக் கடல்களிலேயே வருஷக்கணக்கில் சுற்றினார். பிறகு இங்கே வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஒரு மேடை கட்டித் தயாரானார். ஜூன் மாதம். அதற்கு முந்தைய நாட்கள் எல்லாம் தெளிவான வானம். அன்று காலை மட்டும் மேகம் வந்து மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது.

ஊருக்கு வந்து மழையில் மாட்டிக்கொண்டோம் என்று புலம்புகிற நண்பர்களுக்கு நான் சொல்கிற கதை இது. நீங்கள் அடுத்த வாரம் வரலாம்!

ஜனவரி 16

மழை என்றதும் சிலர் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடற்கரைப் பக்கம் சீக்கிரமே சரியாகிவிட்டது, தாழ்வான நகர்களில்தான் ஜனங்கள் பட்ட பாடு. வரலாம், தாராளமாக வரலாம்.

ஜனவரி 19

கடற்கரையில் மணல் எப்போது வந்தது என்று பழைய ஆள் ஒருவர் வியந்திருக்கிறார். நியாயமான வியப்பு. எங்கள் தலைமுறைக்குக் கடற்கரை என்றால் கருங்கல் குவியல்தான். எங்கள் அப்பாக்கள் மணலில் கபடி ஆடியதாகச் சொல்வார்கள், நாங்கள் நம்பமாட்டோம். காரணம் எளிது. இந்தக் கரையோரம் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். வருகிற மணல் அதற்குத் தெற்கே தேங்கியது. வடக்கே இருந்த மணலை அலை அரித்துக்கொண்டு போனது, ஈடுகட்ட மணல் வரவில்லை. ஊரைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது. வீடுகள் போயின.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கினார்கள், 2018, 2019 வாக்கில். அதற்குப் பிறகுதான் இந்தத் துண்டு மணல். என் மகள் அதில் ஓடுவதைப் பார்க்கும்போது அப்பாக்கள் சொன்னதை நம்பாமல் இருந்தோமே என்று தோன்றும். குப்பத்துக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் தோன்றும்.

அதே சாலையில் மேரி கட்டடம், பழைய நகரசபை. 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று விழுந்தது. இப்போது நிற்பது அதே வடிவில் திரும்பக் கட்டியது, 2021-ல் திறந்தார்கள். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். பழையதையே விழாமல் காப்பாற்றியிருக்கலாம்.

ஜனவரி 25

கோயம்புத்தூரிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். மேலே எழுதிய வரிசைப்படியே கூட்டிப்போனேன். நடந்து பார்த்ததில் ஒரு மாற்றம்.

பதினோரு மணிக்கு மேற்கே போவது பெரியவர்களுக்குச் சரிப்படாது. பைக்கும் ஹாரனுமாக நேரு வீதி நிரம்பிவிடுகிறது. ஒரு மணிக்குக் கடைகள் ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் தூக்குவார்கள். இது வெளியூர்க்காரர்களைத் திகைக்க வைக்கும் பழக்கம். அதனால் சூரியன் எழுந்ததும் கடற்கரையிலிருந்து நேராக வைசியாள் வீதிக்குப் போய்விடுங்கள். ஏழு மணிக்கு வாசல் தெளித்த ஈரம் காயாமல் இருக்கும், கோலம் கலையாமல் இருக்கும், நிலைக்கதவு திறந்திருக்கும். சித்தி கோலத்தைப் பாராட்டப்போய், அந்த வீட்டம்மா உள்ளே கூப்பிட்டு முற்றம் காட்டி, காபியும் கொடுத்துவிட்டார். பதினோரு மணிக்குப் போயிருந்தால் இது நடந்திருக்காது.

அங்கிருந்து பெரிய மார்க்கெட். மீன் பகுதியில் தரை வழுக்கும், செருப்பைக் கவனியுங்கள். பத்து மணிக்குப் பாரதி வீடு. மதியம் சாப்பிட்டுப் படுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊரே படுக்கும். நாலுக்குப் பிறகு கிழக்கு: ஆயி மண்டபம், ரோமன் ரோலண்ட் வீதி, துய்மா வீதி, வெயில் தாழ்ந்த நேரத்தில் அந்த மஞ்சள் சுவர்கள் இன்னும் நன்றாக இருக்கும். ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் போக எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. கால் வலுவுள்ளவர்கள் பாரதி வீட்டிலிருந்து அங்கே இறங்குங்கள். முஸ்லிம் வீடுகளின் மாடி மரவேலைப்பாடு தனி அழகு.

ஜனவரி 26

கொடியேற்றம் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நம் ஊருக்கு ஆகஸ்ட் 15 மட்டும் போதாது. 1954 அக்டோபர் 18 கீழூரில் வாக்கெடுப்பு, மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 ஆட்சி கை மாறியது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. எங்கள் தெருவில் சொல்தா வீடுகள் உண்டு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பம். பிரான்சில் அதிபர் தேர்தல் என்றால் இங்கே வரிசையில் நின்று ஓட்டுப் போடுவார்கள். பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 அன்று போர் நினைவுச் சின்னத்தில் மெடல் குத்திய கிழவர்களைப் பார்க்கலாம்.

ஆனால் ஜூலையில் வருபவர்கள் 30-ஆம் தேதியையும் தெரிந்துகொள்ளுங்கள். 1936-ல் அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக எட்டு மணி நேர வேலை சட்டமானது. என் தாத்தா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். அவர் வீட்டில் கடிகாரம் கிடையாது, மில் சங்குதான். தொழிலாளர் தலைவர் வ.சுப்பையா பெயரை எடுத்தால் எழுந்து உட்காருவார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருதய ஆண்டவர் பசிலிக்காவைத் தேடிப் போய்ப் பார்க்கிறீர்கள் அல்லவா, அந்தச் சாலைக்குத்தான் சுப்பையா சாலை என்று பெயர்.

பிப்ரவரி 2

முதலில் கேள்வி போட்டவர் வரும் மாதம் குடும்பத்தோடு வருகிறாராம். மகிழ்ச்சி. ஞாயிறா திங்களா என்று கேட்கிறார். ஞாயிறு வாருங்கள். மியூசியம் திறந்திருக்கும், காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட் போட்டிருப்பார்கள். கூட்டம் இருக்கும், அதனால் காரை ஒதுக்குப்புறமாக விட்டுவிட்டு நடங்கள். மாசி மகம் அன்று வர முடிந்தால் எல்லாத் திட்டத்தையும் ஓரம் வைத்துவிட்டு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போங்கள். சுற்றுவட்டாரத்துச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு அங்கே வந்து இறங்கும். நிழல் கிடையாது, குழந்தைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.